கூலிங் மட்டும் போதுமா? பீர் ருசி கெட்டால் எங்கே தேடுவது

யாராவது "இந்த பீர் நல்லா இல்லை" என்று சொன்னால், என்ன பிராண்டு என்று நான் கேட்பதில்லை. எவ்வளவு கூலிங்கில் குடித்தீர்கள் என்றுதான் கேட்பேன். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும். மீதிக்கு கிளாஸ், வெளிச்சம், வயசு என்று மூன்று பேர் வரிசையில் நிற்பார்கள். தயாரித்தவர் மேல் பழி போடுவது அதற்கெல்லாம் அப்புறம்தான்.

கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் கிளாசில் என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் ஒரே ஒரு வேலை: சமையலறையில் தெர்மாமீட்டர் இருந்தால் கிளாசுக்குள் விட்டு எத்தனை டிகிரி என்று பாருங்கள். அந்த எண் இல்லாமல் பீரைப் பற்றிப் பேசுவது, காய்ச்சலை அளக்காமல் மருந்து எழுதுவது போலத்தான்.

"சுவையே தெரியலை, தண்ணி மாதிரி இருக்கு"

டாஸ்மாக் கம்பிக்கு வெளியே நின்று கேட்கும் முதல் கேள்வி "கூலிங் இருக்கா?" என்பது. சித்திரை வெயிலில் அந்தக் கேள்வியில் தப்பே இல்லை. அங்கே கிடைப்பது பெரும்பாலும் லாகர் (குளிரில் நொதிக்கவைக்கும் பீர் வகை), அதிலும் ஸ்ட்ராங். அரிசியோ சர்க்கரையோ சேர்த்து உடம்பை இலேசாக்கி, ஆல்கஹாலை ஏற்றிய சரக்கு அது. 3 முதல் 5 டிகிரிக்குள் இருந்தால்தான் தொண்டையில் இறங்கும். அதற்கு மேலே போனால் ஆல்கஹாலின் காட்டமும் ஒரு தித்திப்பும் முன்னால் வந்து நின்றுகொள்ளும்.

அதே பழக்கத்தை எல்லா பீருக்கும் கொண்டுபோகும்போதுதான் சிக்கல். பெங்களூர் போய் மைக்ரோபுரூவரியில் நானூறு ரூபாய்க்கு ஒரு ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான, கசப்பான பீர்) வாங்கி, அதையும் ஐஸ் கட்டின மக்கில் ஊற்றித் தரச் சொல்வார்கள். பிறகு "ஒண்ணுமே இல்லையே" என்பார்கள். இருந்தது, உறைந்துபோய்க் கிடக்கிறது. ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ; அதன் மணம் ஆவியாகி மூக்குக்கு வந்தால்தான் அது மணம். 2 டிகிரியில் கிளாசை விட்டுக் கிளம்பவே கிளம்பாது. நாக்கும் ஒத்துழைக்காது. இனிப்பை உணரும் செல்களில் டிஆர்பிஎம்5 என்றொரு புரதம் இருக்கிறது. வெப்பம் ஏற ஏறத்தான் அது சுறுசுறுப்பாகும், குளிரில் மந்தமாகிவிடும். மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், இனிப்பு அடங்கிவிட, கார்பன் டை ஆக்சைடின் சுருக்கும் வெறும் கசப்பும் மிஞ்சும்.

என் கணக்கு இது. பில்ஸ்னர் 5 முதல் 7 டிகிரி. ஜெர்மன் கோதுமை பீர் 6 முதல் 8. லாகரைவிடச் சற்று வெதுவெதுப்பில் நொதிப்பவை ஏல்; அதில் பேல் ஏல், ஐபிஏ இரண்டும் 7 முதல் 10. பெல்ஜியத்தின் அடர்நிற அபே (மடாலயப் பாணி) ஏல்கள் 10 முதல் 12. அந்த வகையில் ஷிமே என்ற பிராண்டின் நீல மூடி பாட்டிலுக்கு அதைக் காய்ச்சுகிறவர்கள் சொல்வதும் இதுவே. பார்லிவைன், இம்பீரியல் ஸ்டவுட் மாதிரியான கனமான சாமான்கள் 12 முதல் 14. வீட்டு பிரிட்ஜ் சுமாராக 4 டிகிரியில் இருக்கும். ஏசி போடாத அறையில் ஐபிஏ பாட்டிலைப் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே வையுங்கள். அபே ஏலை இருபது, இருபத்தைந்து நிமிடம். தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு இது போதும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு பாட்டிலை இரண்டு கிளாசில் ஊற்றுங்கள். ஒன்றை உடனே குடியுங்கள். இன்னொன்றை உள்ளங்கையால் அணைத்துப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுக் குடியுங்கள். பீர் மாறவில்லை, நீங்களும் மாறவில்லை. வித்தியாசம் முழுக்க அந்த ஆறேழு டிகிரி.

இதில் அதிகம் அநியாயத்துக்கு ஆளாவது இலங்கையின் லயன் ஸ்டவுட் என்ற கருப்பு பீர். 8.8 சதவீதம். நுவரெலியா மலைக் குளிரில் ஆரம்பித்த புரூவரி, இன்று கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவில் இருக்கிறது. இந்த பீரைத் தேடி வெளிநாட்டு பீர் எழுத்தாளர்கள் வந்திருக்கிறார்கள். அதைப் பிரிட்ஜின் அடித்தட்டிலிருந்து எடுத்த கையோடு குடித்தால் கருகல் கசப்பு மட்டும் தெரியும். 12 டிகிரிக்கு வரவிடுங்கள். கருப்பட்டி, காபி, கொக்கோ என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

இங்கிலாந்துக்குப் படிக்கப் போன பிள்ளைகள் எழுதும் புகார் இதற்கு நேர் எதிர்: "பப்பில் சூடான பீர் தருகிறார்கள்." சூடு இல்லை. ஹேண்ட் பம்ப் இழுத்துத் தரும் காஸ்க் ஏல் நிலவறைக் குளிரில், அதாவது 11 முதல் 13 டிகிரியில் வர வேண்டும். அதில் வாயுவும் குறைவுதான், பீப்பாய்க்குள் ஈஸ்ட் இயல்பாக விட்டது மட்டும். கிளாசைத் தொட்டால் குளிர்ச்சியே தெரியவில்லை என்றால் மட்டும் அந்த பப்பின் நிலவறையில் கோளாறு. தயங்காமல் சொல்லலாம், மாற்றித் தருவார்கள்.

உறைய வைத்த மக் பற்றி ஒரு வார்த்தை. சுவரில் படிந்த ஐஸ் பொடிகள் ஒவ்வொன்றும் குமிழி கிளம்பும் இடம். ஊற்றியவுடன் நுரை பொங்கி வாயு வீணாகும், ஐஸ் உருகி பீர் நீர்க்கும். பார்க்க அழகு, அவ்வளவுதான்.

"பாதி குடிக்கறதுக்குள்ள சூடாயிடுது"

கிளாஸ் பெரிசு. வேறு காரணம் தேட வேண்டாம்.

பிட்சர் வாங்கினால் மலிவு என்று நான்கு பேர் ஒரு பிட்சரை நடுவில் வைத்து உட்காருவார்கள். கடைசிச் சுற்று வரும்போது அது சூப். ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் இதற்கு நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அங்கே கோல்ஷ் என்ற பீர் 200 மில்லி மட்டும் பிடிக்கும் ஒல்லியான கிளாசில் வரும். க்யோபெஸ் என்று அழைக்கப்படும் பரிமாறுபவர் வட்டத் தட்டில் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு சுற்றி வருவார். காலி கிளாசைப் பார்த்தால் கேட்காமலே புதிசை வைத்துவிட்டு, உங்கள் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். போதும் என்றால் அந்த அட்டையை எடுத்து கிளாசின் வாயை மூடிவிட வேண்டும். மூடாதவரை வந்துகொண்டே இருக்கும். வீட்டிலும் அதே வழி: சின்ன கிளாஸ், பாட்டில் பிரிட்ஜில், கொஞ்சம் கொஞ்சமாக.

அவசரமாகக் குளிர வைக்க ஃப்ரீசரை நம்பாதீர்கள். 5 சதவீத பீர் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரியில் உறைய ஆரம்பிக்கும். மறந்துவிட்டால் பாட்டில் வெடிக்கும். வாளியில் ஐஸ், அது மூழ்கத் தண்ணீர், இரண்டு கை கல்லுப்பு. பாட்டிலைக் கழுத்து வரை இறக்கி அவ்வப்போது சுழற்றிவிடுங்கள். காற்றைவிடத் தண்ணீர் வெப்பத்தைப் பல மடங்கு வேகமாக இழுக்கும். கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். வெறும் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே பாட்டிலைச் செருகுகிறவர்கள் அந்தத் தண்ணீரைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

"திறந்ததும் ஒரு மாதிரி நாறுது"

எந்த மாதிரி என்பதுதான் கேள்வி.

எரிந்த ரப்பரும் பெருங்காயமும் சேர்ந்தாற்போல, சிலருக்குக் கஞ்சாப் புகை போல இருந்தால், வெளிச்சம் அடித்த பீர். ஹாப்ஸின் கசப்புப் பொருள் மேல் ஒளி பட்டால், பீரில் இயல்பாக இருக்கும் ரைபோஃபிளேவின் உதவியோடு அது உடைந்து, கந்தகம் உள்ள ஒரு சேர்மமாகிவிடும். வட அமெரிக்காவின் ஸ்கங்க் என்ற பிராணி பீய்ச்சும் திரவத்துக்கு இது நெருங்கிய சொந்தம். லிட்டருக்கு ஒரு சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். கஞ்சாவின் வாசனையிலும் இதே சேர்மம் உண்டு, ஆகவே அந்த ஒப்பீடு சொல்கிறவரின் மூக்கு நல்ல மூக்கு.

பழுப்பு பாட்டில் இந்த ஒளியைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பச்சை கொஞ்சம்தான் தடுக்கும், நிறமற்றது அதைவிடவும் குறைவு. கேனுக்குள் வெளிச்சம் போக வழியே இல்லை. கடையில் ட்யூப்லைட்டுக்கு நேர் எதிரே அடுக்கிய பச்சை பாட்டில் வரிசையில் முதல் பாட்டிலை எடுக்காதீர்கள். பின்னால் கையை விட்டு எடுங்கள். நம்பாதவர்கள் ஒரு கேன் லாகரை இரண்டு கண்ணாடி கிளாசில் ஊற்றி, ஒன்றை அலமாரியிலும் ஒன்றை மொட்டை மாடி வெயிலிலும் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு மோந்து பாருங்கள். இதற்கு வைத்தியம் கிடையாது. கழுத்தில் எலுமிச்சைத் துண்டு செருகுவது வாசனையை மறைக்கும், போக்காது. கடற்கரையில் உட்கார்ந்து கண்ணாடி கிளாசில் குடிக்கிறவர்கள் அந்த நாற்றத்தைத் தாங்களே தயாரிக்கிறார்கள்.

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் பீருக்கு வயசாகிவிட்டது, ஆக்சிஜனின் வேலை. சூடுதான் இதைத் துரத்துகிறது. புரூவரிக்காரர்கள் மத்தியில் 3, 30, 300 என்றொரு கைக்கணக்கு உண்டு: 32 டிகிரியில் மூன்று நாள் வைப்பதும், 22 டிகிரியில் முப்பது நாள் வைப்பதும், 3 டிகிரியில் முந்நூறு நாள் வைப்பதும் பீரை ஒரே அளவுக்குக் கிழடாக்கும். நம்மூர் கோடவுனையும் லாரியையும் நினைத்துப் பாருங்கள். வாங்கும்போது கூலிங்கில் இருந்தது என்பதற்காக எப்போதுமே கூலிங்கில் இருந்தது என்று அர்த்தம் இல்லை. பாட்டிலில் தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குவது ஒன்றுதான் வழி.

வெண்ணெய் தடவிய பாப்கார்ன் வாசனை என்றால் டைஅசிட்டைல் என்ற நொதிப்புப் பொருள். பாட்டிலில் வந்தால் நொதிப்பை அவசரமாக முடித்திருக்கிறார்கள். பாரின் டிராஃப்டில், அதாவது குழாய் பீரில், மட்டும் வந்தால், அதுவும் புளிப்போடு வந்தால், குழாய் அழுக்கு. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை குழாயைக் கழுவ வேண்டும் என்பது அமெரிக்க புரூவர்கள் சங்கத்தின் பரிந்துரை. செக் நாட்டு லாகர்கள் சிலவற்றில் லேசாக வெண்ணெய் இருப்பதை அங்கே குறையாக நினைப்பதில்லை, எனக்கும் அது பிடிக்கும். வேகவைத்த மக்காச்சோளம் வாசனையும் பச்சை ஆப்பிள் வாசனையும் தயாரிப்புக் கோளாறுகள். நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை.

"நுரை நிற்கவே மாட்டேங்குது"

சில்லி சிக்கன் தின்ற உதட்டோடு முதல் வாய் குடித்தீர்களா? நுரையைப் பிடித்து நிறுத்துவது பார்லியின் புரதமும் ஹாப்ஸின் கசப்பும் கைகோத்துக் கட்டும் சுவர். ஒரு துளி எண்ணெய் போதும், இடிந்துவிடும். லிப்ஸ்டிக்கும் அதையே செய்யும். சைடு டிஷ்ஷை நிறுத்தச் சொல்லவில்லை, உதட்டைத் துடைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அதுவும் இல்லையென்றால் கிளாஸ். பார்க்கப் பளபளவென்று இருக்கும், எண்ணெய்ப் படலம் கண்ணுக்குத் தெரியாது. கண்டுபிடிக்க வழி இருக்கிறது: கிளாசின் உட்புறத்தை நனைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, தூள் உப்பை உள்ளே தூவுங்கள். எல்லா இடத்திலும் சீராக ஒட்டினால் சுத்தம். உப்பே ஒட்டாத திட்டுகள் இருந்தால் அங்கெல்லாம் பிசுக்கு. பாரில் உப்பைத் தூவிக்கொண்டிருக்க முடியாது. அங்கே ஊற்றிய பீரில் கிளாஸ் சுவரோடு குமிழிகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றனவா என்று பாருங்கள். நின்றால் கிளாஸ் அழுக்கு. சுத்தமான கிளாசில் ஒவ்வொரு மிடறுக்கும் நுரை ஒரு வளையத்தை விட்டுவிட்டுக் கீழே இறங்கும்.

வீட்டில் பீர் கிளாசைப் பால் டம்ளரோடும் குழம்புப் பாத்திரத்தோடும் ஒரே ஸ்பாஞ்சில் தேய்க்காதீர்கள். தேய்த்தபின் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள்.

எதிர்ப்பக்கம், நுரை மட்டுமே வருகிறது என்றால் முதல் சந்தேகம் சூடு. வெதுவெதுப்பான பீர் வாயுவைப் பிடித்துவைக்காது. அடுத்தது, வண்டியில் குலுங்கி வந்த பாட்டில். ஒரு மணி நேரம் பிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். நன்றாகக் குளிர்ந்து, அசையாமல் இருந்த பாட்டிலும் மூடியைத் தூக்கியதும் பீய்ச்சி அடித்தால், உள்ளே வேண்டாத நுண்ணுயிர் நுழைந்திருக்கிறது, அல்லது பார்லியிலேயே பூஞ்சை இருந்திருக்கிறது.

"புளிக்குது", "வாழைப்பழம் வாசனை வருது", "கலங்கலா இருக்கு"

இந்த மூன்றிலும் லேபிளைப் படிப்பதுதான் வைத்தியம். லாகர் புளித்தால் கெட்டது. பெர்லினர் வைஸ், கோஸ, கூஸ் என்று எழுதியிருந்தால் புளிப்புக்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். லாகரில் வாழைப்பழம் வந்தால் நொதிக்கும்போது சூடு ஏறியிருக்கிறது. ஜெர்மனியின் பவேரியா கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் வராவிட்டால்தான் புகார் செய்ய வேண்டும். இரண்டும் அந்த ஈஸ்ட்டின் கைவண்ணம். பெல்ஜிய வெள்ளை பீரில் மல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டே காய்ச்சுகிறார்கள், ரசம் ஞாபகம் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

கலங்கல் கோதுமை பீரை ஊற்றுவதில் மட்டும் ஒரு முறை இருக்கிறது. உயரமான அரை லிட்டர் கிளாசைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஈரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகச் சாய்த்து, பாட்டில் வாய் கிளாஸ் சுவரைத் தொட்டும் தொடாமலும் இருக்க, மெதுவாக ஊற்றிக்கொண்டே நிமிர்த்துங்கள். பாட்டிலில் இரண்டு விரல் உயரம் மிஞ்சியதும் நிறுத்தி, பாட்டிலைச் சுழற்றுங்கள். அடியில் படிந்த ஈஸ்ட் பால் நிறத்தில் கலங்கி எழும். அதை நுரையின் நடுவில் விடுங்கள். இதைச் செய்யாமல் தெளிவை மட்டும் குடித்துவிட்டுச் சப்பென்று இருக்கிறது என்பவர்கள் பாதி பீரைப் பாட்டிலிலேயே விட்டவர்கள்.

"பாட்டிலைக் கவிழ்த்தா கிளிசரின் இறங்குது"

கல்லூரி ஹாஸ்டல்களில் தலைமுறை தலைமுறையாக வரும் வித்தை. திறந்த பாட்டிலைத் தண்ணீர் நிறைந்த கிளாசில் தலைகீழாக நிறுத்துவார்கள். எண்ணெய் போல நெளிந்து நெளிந்து ஏதோ கீழே இறங்கும். "பாத்தியா கிளிசரின், இதான் தலைவலிக்குக் காரணம்" என்று ஒருவர் விளக்குவார்.

இறங்குவது பீர். நொதிக்காமல் மிஞ்சிய சர்க்கரைப் பொருட்களால் பீர் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம். அதனால் கீழே இறங்குகிறது. இரண்டின் ஒளிவிலகலும் வேறு என்பதால் நெளிவு கண்ணுக்குத் தெரிகிறது. சர்பத்தைத் தண்ணீரில் விட்டாலும் இதே நெளிவுதான். இறங்கிய பீரின் இடத்துக்கு கிளாஸ் தண்ணீர் பாட்டிலுக்குள் ஏறிக்கொள்ளும். நொதிக்கும்போது ஈஸ்ட் கொஞ்சம் கிளிசரால் உண்டாக்குவது உண்மைதான்; அது பீர் முழுக்கக் கரைந்திருக்கும், தனியே வழிந்து வராது. இந்தச் சடங்குக்குப் பிறகு தலைவலி குறைந்ததாகத் தோன்றினால், தண்ணீர் கலந்த பீரைக் குடித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

"அமெரிக்காவில் அக்டோபர்ஃபெஸ்ட் பீர் செம்பழுப்பு, மியூனிக் போனால் மஞ்சள். யார் ஏமாத்தறாங்க?"

யாரும் இல்லை. ஆனால் கதை கொஞ்சம் நீளம்.

1553இல் பவேரியாவில் ஒரு கட்டளை வந்தது: செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் பீர் காய்ச்சலாம். கோடையில் காய்ச்சினால் கெட்டுப்போகிறது என்பதுதான் காரணம். ஆகவே மார்ச்சில் கொஞ்சம் காட்டமாகக் காய்ச்சி, நிலவறைகளில் ஐஸோடு வைத்து, கோடை முழுக்க அதை ஓட்டினார்கள். மேர்ட்சன் என்ற பெயரே மார்ச்சிலிருந்து வந்ததுதான். நிலவறை சூடாகாமல் இருக்க மேலே செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். அந்த நிழலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்ததுதான் பீர் கார்டன். 1812இல் அரசர் முதலாம் மாக்ஸிமிலியான் அங்கேயே பீர் விற்க அனுமதி கொடுத்தார், ரொட்டி தவிர வேறு சாப்பாடு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. இன்றைக்கும் மியூனிக் பீர் கார்டன்களில் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன சாப்பாட்டைப் பிரித்து வைத்துச் சாப்பிடலாம். தயிர்சாதத்தைப் பிரித்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பீரை மட்டும் அங்கே வாங்க வேண்டும்.

1870களில் கார்ல் ஃபொன் லிண்டே குளிரூட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்ததும், முதலில் அதை வைத்துப் பார்த்தது மியூனிக்கின் ஸ்பாட்டன் புரூவரி. காலக் கட்டாயம் அன்றோடு போனது, பழக்கம் தங்கிவிட்டது. செம்பழுப்பு மேர்ட்சன் நீண்ட காலம் மியூனிக்கின் அக்டோபர்ஃபெஸ்ட் விழாவின் பீராக இருந்தது. ஆனால் ஒரு லிட்டர் மக் மக்காகக் குடிக்க அது கனம். விழாக் கூடாரங்களில் வெளிர் மஞ்சள் நிறத்தில், சுமார் 6 சதவீதத்தில், ஒரு பீர் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஏற்றுமதிக்குப் போனதும் அமெரிக்க புரூவரிகள் அதைப் பார்த்துச் செய்ததும் பழைய செம்பழுப்பு. எனக்குக் கேட்டால் வீட்டில் ஒரே ஒரு கிளாஸ் குடிக்கச் செம்பழுப்புதான் மேல், 8 டிகிரியில்.

இதே குடும்பத்துப் புகார் இன்னொன்று: கிறிஸ்துமஸ் பீர் ஏப்ரலில் தள்ளுபடி விலையில் கிடைத்தது, குடித்தால் சப்பென்று இருக்கிறது. குளிர்கால லேபிள் என்பது ஒரே வகை பீர் இல்லை. 8 சதவீதத்துக்கு மேலே, கருப்பாக, மால்ட் கனமாக இருந்தால் ஒன்றிரண்டு வருஷம் நிலவறையில் வைத்தும் குடிக்கலாம். அமெரிக்க புரூவரி சியரா நெவாடாவின் செலிப்ரேஷன் மாதிரி லேபிளில் பனி கொட்டினாலும் உள்ளே இருப்பது புது அறுவடை ஹாப்ஸ் போட்ட ஐபிஏ. மணம் சில மாதங்களில் போய்விடும். தள்ளுபடியில் வாங்குவதானால் முதல் வகையை வாங்குங்கள்.

சீசன் தப்பினால் நல்ல பீரும் கசக்கும். மார்ச்சில் மியூனிக்கில் நோன்புக் காலத்துக்கென்று வரும் டோப்பல்பாக் என்ற கனமான லாகர் 7 சதவீதத்துக்கு மேல், பானத்தைவிட உணவுக்கு நெருக்கம். அதைச் சென்னை மே மாதத்தில் திறந்துவிட்டுத் திகட்டுகிறது என்றால் பீர் என்ன செய்யும்? நம் வெயிலுக்குத் தோதானது பெல்ஜியத்தின் வாலோனியா பண்ணைகளில் பிறந்த செசான்: குளிர்காலத்தில் காய்ச்சி, கோடையில் வயல்வேலைக்காரர்களுக்குக் கொடுத்தது. இனிப்பே இல்லாமல் வறண்டு, மிளகு வாசனையோடு முடியும். மீன் வறுவலுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றை நான் குடித்ததில்லை.

"கலந்தேன், கெட்டுப்போச்சு"

மேலே கருப்பு, கீழே பொன்னிறம் என்று இரண்டு அடுக்காக நிற்க வேண்டிய கலவை ஒன்றாகிவிட்டதா? மூன்று காரணம். ஸ்டவுட்டை முதலில் ஊற்றியிருக்கலாம். பேல் ஏல்தான் அடியில் போக வேண்டும். பாட்டில் எக்ஸ்ட்ரா ஸ்டவுட்டை எடுத்திருக்கலாம். நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், கின்னஸ் டிராஃப்ட் உண்மையில் இலேசு, வெறும் 4.2 சதவீதம், நைட்ரஜன் உருண்டை போட்ட கேனில் வருவது. அதுதான் மிதக்கும். அல்லது ஊற்றிய வேகம். கிளாசில் பாதிக்குப் பேல் ஏலைக் கொஞ்சம் நுரை வர ஊற்றி, அடங்கும்வரை பொறுங்கள். ஒரு கரண்டியைக் குப்புறப் பிடித்து நுனியைக் கிளாஸ் சுவரில் சாய்த்து, அதன் முதுகில் கேனிலிருந்து நூல் மாதிரி விடுங்கள். முதல் இரண்டு விரல் உயரம் ஏறியபின் கொஞ்சம் வேகம் கூட்டலாம்.

அயர்லாந்தில் இதை பிளாக் அண்ட் டான் என்று கேட்டுவிடாதீர்கள். 1920, 21இல் அங்கே அட்டூழியம் செய்த, பிரிட்டனில் ஆள் எடுத்து அனுப்பிய கூடுதல் போலீஸ்காரர்களுக்கு அதுதான் பெயர். ஹாஃப் அண்ட் ஹாஃப் என்று கேளுங்கள்.

ராட்லர், அதாவது பீரும் லெமனேடும் கலந்தது, தித்திக்கிறது என்றால் லெமனேடைக் குறைக்காமல் பீரை மாற்றுங்கள். பாதிக்குப் பாதி என்பது ஜெர்மன் வழக்கம். அங்கே அடியில் இருப்பது வறண்ட, கசப்பான லாகர். நம்மூர் இலேசான லாகரில் பாட்டில் லெமனேட் ஊற்றினால் சர்க்கரைத் தண்ணீர்தான் கிடைக்கும். அந்த லாகர்தான் கிடைக்கிறது என்றால் எலுமிச்சை பிழிந்த சோடா, சிட்டிகை உப்பு, சர்க்கரை இல்லாமல், மூன்றில் ஒரு பங்கு: இது சரியாக வரும். இரண்டும் ஒரே குளிர்ச்சியில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பொங்கும். கோலாவோடு கலந்து ஜெர்மனியில் டீசல் என்கிறார்கள். போவோண்டோவில் முயன்றால் திராட்சை வாசனை மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு பீரைப் பேசவே விடாது.

உண்மையான கலவைக் கலை அடுக்கிலும் லெமனேடிலும் இல்லை, பிரஸ்ஸல்ஸைச் சுற்றி இருக்கிறது. அங்கே காற்றில் மிதக்கும் ஈஸ்ட்டே வந்து நொதிக்கவைக்கும் லாம்பிக்கை மரப் பீப்பாய்களில் வருஷக்கணக்கில் வைப்பார்கள். ஒரு வருஷத்தது, இரண்டு வருஷத்தது, மூன்று வருஷத்தது மூன்றையும் ருசித்துப் பார்த்துக் கலந்து பாட்டிலில் அடைத்தால் கூஸ். இளசில் மிஞ்சிய சர்க்கரை பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து வாயுவைத் தரும், முதிர்ந்தது ஆழத்தைத் தரும். பிரஸ்ஸல்ஸின் ஆன்டர்லெக்ட் பகுதியில் கான்டியோன் புரூவரிக்காரர்கள் இதை இன்னும் செய்கிறார்கள். முதல் வாய்க்கு முகம் சுளிக்கும். 12 டிகிரியில், சின்ன கிளாசில், ஏதாவது கொழுப்பான சீஸோடு இரண்டாவது வாய் குடித்துப் பாருங்கள்.

"எல்லாம் சரியா இருக்கு, ஆனாலும் பிடிக்கலை"

அப்படியானால் அது ருசி, கோளாறு இல்லை. எது பிடிக்கவில்லை என்று மட்டும் பெயர் வைத்துக்கொண்டால் அடுத்ததைத் தேர்ந்தெடுப்பது சுலபம். கசப்பு ஒத்துவரவில்லை என்றால் கோதுமை பீர், அடுத்து மேர்ட்சன், அடுத்து அபே டுபெல் (அடர்நிற பெல்ஜிய ஏல்) என்ற வரிசையில் போங்கள். தித்திப்புதான் தொல்லை என்றால் பில்ஸ்னரும் செசானும். வாயு வயிற்றை உப்பவைக்கிறது என்பவர்களுக்கு நைட்ரஜன் ஸ்டவுட் அல்லது காஸ்க் ஏல். காபியைப் பால் இல்லாமல் குடிப்பவர்கள் ஸ்டவுட்டை ஏன் தவிர்க்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

ஒன்றை மட்டும் ஒரு கிளாசில் தீர்ப்புச் சொல்லாதீர்கள்: ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்துப் புகை பீர். பீச் மர நெருப்புப் புகையில் உலர்த்திய மால்ட்டில் காய்ச்சுவது. மூன்று கிளாஸ் உள்ளே போனால்தான் பிடிபடும் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். கருவாடு சுட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு மூன்று வரை போகத் தேவைப்படாது.